ஏரிநாட்டுக்கு மழை வேண்டாம்

ஷீலாவுக்கு மனிதர்களைப் பிடிக்காது என்று அவளோடு வேலை பார்க்கிறவர்கள் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. அவளுக்கு மனிதர்களைப் பிடிக்கும், அவர்கள் வீடு கட்டுகிற இடத்தைத்தான் பிடிக்காது. மனைப்பிரிவு விளம்பரப் பலகை எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தாம்பரத்திலிருந்து சேலையூர் வருவதற்குள் அப்படி எத்தனை தடவை திருப்ப வேண்டும் என்பது கேம்ப் ரோட்டில் போய் வந்தவர்களுக்குத் தெரியும்.

அந்தக் கேம்ப் ரோட்டில்தான், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே, பிரசன்னாவின் கம்பெனி இருக்கிறது. வீடியோ கேம் செய்கிற கம்பெனி. இத்தனை வருடமாக வெளிநாட்டு ஆட்டங்களுக்கு மரம், பாறை, குதிரை என்று உதிரி உதிரியாகச் செய்து கொடுத்தார்கள். இப்போதுதான் சொந்தமாக ஒன்றில் இறங்கியிருக்கிறார்கள். பெயர் 'முடிநாடு'. பொங்கலுக்கு வெளிவர வேண்டும். சதுரங்கம் போல, ஒருவர் நகர்த்தி முடித்த பிறகுதான் அடுத்தவர் நகர்த்தலாம். ஊர் அமைத்து, வயல் போட்டு, படை திரட்டி, பக்கத்து நாட்டுக்காரனை அடித்துப் பிடுங்க வேண்டும்.

ஆட்டத்தைத் திறந்ததும் எந்த மாதிரி நிலத்தில் ஆடப்போகிறீர்கள் என்று கேட்கும். வரைபட வகை நான்கு. பெருநிலம், தீவுக்கூட்டம், மலைக்கணவாய், ஏரிநாடு. முதல் மூன்றும் எல்லா ஊர் ஆட்டங்களிலும் இருப்பவை, ஷீலா அவற்றைச் சம்பளத்துக்குச் செய்தாள். நான்காவதை வேறு யாரும் கேட்கவில்லை. அவளாகவே செய்தாள். மாதக்கணக்கில் அதிலேயே கிடந்தாள். கல்யாணப் பேச்சுக்கு வந்தவர்களிடம்கூட 'இந்த மேப் முடியட்டும்' என்று சொன்னவள்.

ஏரிநாட்டில் ஏரிகள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகத் தொடுத்திருக்கும். மேல் ஏரி நிரம்பினால் அதன் உபரித் தண்ணீர் கலங்கல் வழியாகக் கால்வாயில் விழுந்து அடுத்த ஏரிக்குப் போகும், அதிலிருந்து அதற்கடுத்தது, கடைசியில் கடல். ஆட்டத்தில் கோடை வரும்போது ஏரிகள் வற்றி, நீலக் கட்டங்கள் எல்லாம் பழுப்பு நிறமாகிவிடும். அப்போது அதில் ஊர் கட்டலாம், ஆட்டம் தடுக்காது. வெட்ட வேண்டிய காடு இல்லை, உடைக்க வேண்டிய பாறை இல்லை, மட்டமான தரை. ஆளுக்குச் சில தடவை நகர்த்தியதும் ஐப்பசி மழை வரும். ஏரி இருந்த இடத்துக்குத் தண்ணீர் திரும்பி வரும். அங்கே ஊர் இருந்தால் ஊருக்குள் வரும்.

இதை அவள் எங்கேயும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அவள் வீடு சிட்டிபாபு நகரில் இருக்கிறது.

சேலையூர் தாண்டி உள்ளே ஷேர் ஆட்டோவில் போனால் வரும் அந்த நகர், வெண்ணேரியின் உள்வாயில், அதாவது ஏரி நிரம்பினால் தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில், போட்டது. ஊர்ப் பெரியவரான சிட்டிபாபு வயலை விட்டுவிட்டு மனை வியாபாரத்துக்கு வந்த புதிதில் பிரித்து விற்றார். தாம்பரம் ஸ்டேஷன் வாசலிலிருந்து இலவச வேன், பந்தல், கலர் கொடி, மதியம் பிரியாணி. சித்திரை வெயில். தரை பாளம் பாளமாக வெடித்து, ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. பல்லாவரத்தில் தோல் கம்பெனியில் மேற்பார்வையாளராக இருந்த ஷீலாவின் அப்பா லாசரஸ், அந்தத் தரையில் காலால் தட்டிப் பார்த்து, நல்ல கெட்டி மண் என்று மகிழ்ந்து, பணம் கட்டினார்.

மழைக்காலத்தில் அந்த வீடு எப்படி இருக்கும் என்று ஷீலாவிடம் கேட்கக் கூடாது. கேட்டவர்கள் சாப்பிட்டு முடித்திருக்க வேண்டும். ஏரித் தண்ணீர் தனியாக வராது. தெருவிலிருக்கிற அத்தனை செப்டிக் டேங்கையும் கலக்கிக்கொண்டுதான் வரும். பூஜாடி, பாத்திரம், மெத்தை, ஞாயிற்றுக்கிழமை உடைகள் எல்லாவற்றின் மீதும் அது படியும். தண்ணீர் வடிந்த பிறகு அலமாரியைத் திறந்தால் ஒரு கொழகொழப்பு கையில் ஒட்டும். பினாயில் ஊற்றினால் பினாயிலும் சேர்ந்து நாறும். அவளுடைய அம்மா ரோஸி மூக்கில் துணி கட்டிக்கொண்டு முறத்தால் சேற்றை வாரி வெளியே கொட்டுவாள், எதிர்வீட்டுக்காரர் அவருடையதை இந்தப் பக்கம் கொட்டுவார். வருடா வருடம் இதுதான். இதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு மனிதர்களின் முட்டாள்தனத்தின் மேல் ஒரு குமட்டல் தங்கிவிட்டது. ஆனால் அவள் அதை வெறும் முட்டாள்தனம் என்றுதான் நினைத்திருந்தாள். விற்றவருக்கும் தெரியவில்லை, வாங்கியவருக்கும் தெரியவில்லை, தெரிந்திருந்தால் நடந்திருக்காது. தெரியவைத்தால் போதும். அதற்குத்தான் ஏரிநாடு.

மே மாதத்தில் பிரசன்னா சோதனை ஆட்டம் வைத்தான். வெளிநாட்டில் இருப்பவர்கள் இணையத்தில் ஆடினார்கள், உள்ளூர்க்காரர்களை அவன் சனிக்கிழமைகளில் ஆபீசுக்கே வரவழைத்தான். வந்தது ஒரு வேடிக்கை. ஏரியையே கண்ணால் பார்த்திராத வெளிநாட்டுக்காரர்கள், நீலமாக இருந்த இடம் பழுப்பானதும் சந்தேகப்பட்டு, கரைக்கு அந்தப் பக்கம் மேட்டில் ஊர் கட்டினார்கள். நம் ஆட்கள் இருக்கிறார்களே, கல்லூரிப் பிள்ளைகள், பாங்கில் ஓய்வு பெற்ற பக்தவச்சலம், யாரும் விதிவிலக்கு இல்லை, கோடை வந்ததும் நேராக ஏரிக்குள் இறங்கினார்கள். தலைநகரத்தையே அங்கே வைத்தார்கள்.

"மெயின் ரோட்டுக்குப் பக்கத்துல இருக்கும்மா," என்று பக்தவச்சலம் அவளுக்கு விளக்கம் வேறு சொன்னார். "லெவல் பண்ற செலவும் இல்ல."

ஐப்பசி வந்தது. தலைநகரம் மூழ்கியது. இப்போது புரியும் என்று ஷீலா அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவரும் ஊரை மாற்றவில்லை. வெள்ளம் வடிந்ததும் அதே இடத்தில் மறுபடி கட்டினார்கள். ஆட்டம் முடிந்து கருத்து கேட்டால், ஆளுக்கு ஒரு வசதி கேட்டார்கள்.

"வீட்ட ஜாக்கி வச்சுத் தூக்குற ஆப்ஷன் வேணும்," என்றான் ஒரு பையன். இந்தப் பக்கத்தில் அது நிஜமாகவே நடக்கிறது. ரோட்டின் மேல் ரோடு போட்டு வீடு பள்ளமாகிவிட்டால், வடக்கேயிருந்து ஆட்கள் வந்து அஸ்திவாரத்துக்குக் கீழே வரிசையாக ஜாக்கி கொடுத்து முழு வீட்டையும் தூக்குவார்கள். லாசரஸும் ஒரு தடவை தூக்கினார். அதற்குப் பிறகு ரோடு இன்னும் இரண்டு தடவை உயர்ந்துவிட்டது.

பக்தவச்சலம் அதற்கும் மேலே போனார். "மோட்டார் வச்சு நம்ம தண்ணிய பக்கத்து நாட்டுக்குத் தள்ளிவிட முடியுமா? அது இருந்தா ஆட்டம் இன்னும் இன்ட்ரஸ்டிங்கா இருக்கும்."

ஷீலா எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். அந்த மனிதர் கெட்டவர் இல்லை, அவள் அம்மாவுக்கு பாங்கில் எத்தனையோ உதவி செய்தவர். கலப்படமே இல்லாத நல்ல மனதோடு பக்கத்து வீட்டுக்காரனை மூழ்கடிக்க வழி கேட்கிறார். காறித் துப்பலாம் போல இருந்தது. ஆபீசில் துப்ப முடியாது.

எல்லாருடைய கருத்தையும் பிரசன்னா தொகுத்துப் பார்த்தான். ஏரிநாடுதான் கடைசி. எரிச்சலூட்டுகிறது, நியாயமில்லை, கட்டினதை எல்லாம் பிடுங்குகிறது.

"மழை எப்பவாவது ஒரு தடவை வந்தாப் போதாதா ஷீலா?" என்றான்.

"ஐப்பசி எப்பவாவது ஒரு தடவையா வருது?"

"ஜனங்க ரிலாக்ஸ் பண்ணத்தான் ஆடுறாங்க. அவங்களுக்குப் பாடம் எடுக்குறது நம்ம வேலை இல்ல. நான் மட்டும் முடிவு பண்ண முடியாது. மோகன் அண்ணா வரட்டும்."

மோகன் அண்ணா என்றால் மோகன்ராஜ். சிட்டிபாபுவின் மகன். பாத்திரக் கடையும் அந்த மாடியும் அவருடையவை, முடிநாட்டுக்குப் பணம் போட்டிருப்பவரும் அவர்தான். இது இந்தப் பக்கத்தில் ஆச்சரியப்பட வேண்டிய விஷயம் இல்லை. எந்தக் கதவைத் தட்டினாலும் பழைய ஊர்க்காரர்கள் யாராவது ஒருவருடையதாகத்தான் இருக்கும். ஷீலாவுக்கு அவர் மேல் தனியாகக் கோபம் எதுவும் இருந்ததில்லை. அப்பா செய்த வியாபாரத்துக்குப் பிள்ளை என்ன செய்வார் என்று விட்டிருந்தாள்.

அவர் ஒரு மத்தியானம் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னாம்மா, உன் ஏரிதான் பேஜார் பண்ணிக்கினு கீதாமே? எங்க, தொற. நானே ஆடிப் பாக்குறேன்."

ஷீலா ஏரிநாட்டைத் திறந்து கொடுத்தாள். இவரும் உள்ளேதான் இறங்கப்போகிறார் என்று கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றாள். மோகன்ராஜ் மவுஸை ஒற்றை விரலால் நகர்த்தி, படம் முழுவதையும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். கரைக்குக் கிழக்கே மேட்டில் ஊரை வைத்தார். மதகுக்குக் கீழே வயல் போட்டார். கோடை வந்து ஏரி பழுப்பானது. பிரசன்னா, "அண்ணா, இங்க கட்டினா சீக்கிரம் வளரலாம்," என்று எடுத்துக் கொடுத்தான். அவர் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. அந்தக் கோடை முழுவதும் ஆட்களை விட்டுக் கால்வாயைத் தூர் வாரினார். கரையில் இரண்டு இடத்தில் மண் போட்டுப் பலப்படுத்தினார்.

மழை வந்தது. மேல் ஏரி நிரம்பி, கலங்கல் தாண்டி, கால்வாயில் விழுந்து, அடுத்த ஏரிக்குப் போனது. ஒன்று, இரண்டு என்று எல்லாம் நிரம்பி, மிச்சம் போய்க் கடலில் விழுந்தது. மோகன்ராஜின் ஊருக்குள் ஒரு சொட்டு இல்லை. வயல் பச்சைப்பசேல் என்று இருந்தது.

ஷீலா கட்டியிருந்த கையை எடுத்துவிட்டுத் திரைக்குக் கிட்டே வந்தாள். அவள் மனதில் வைத்துச் செய்தது இந்த ஆட்டத்தைத்தான். இத்தனை சனிக்கிழமைகளில் ஒருவர்கூட ஆடவில்லை, இந்த மனிதர் முதல் தடவையிலேயே ஆடிவிட்டார். அவரை அந்த நிமிடத்தில் அவளுக்குப் பிடித்துப்போனது. இனி ஏரிநாட்டுக்கு ஆபத்தில்லை என்று நினைத்தாள்.

மோகன்ராஜ் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இது நம்ம வெண்ணேரிதானே? கிழக்கால கர, தெக்கால கலங்கல். நான் பாத்ததும் கண்டுக்கினேன்." விரலால் திரையில் ஒரு கட்டத்தைத் தட்டினார். "நீ லாசரஸ் சார் பொண்ணுதானே? உங்க வூடு இங்க வருது. இதான் ஏரிலயே ஆழமான எடம். மொத மழைக்கே இங்கதான் தண்ணி நிக்கும்."

ஷீலா அவர் தட்டிய கட்டத்தைப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "எங்க அப்பாவுக்கு வித்தப்போ உங்க வீட்டுல இது தெரியுமா சார்?"

"தெரியாமலாம்மா?" அவருக்குச் சிரிப்பு வந்தது. மறைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. குடும்பப் பெருமையைச் சொல்வதைப் போலச் சொன்னார். "எங்க தாத்தா அந்தக் கலங்கலுக்குப் பலக வச்சுத் தண்ணிய நிறுத்திக்கினு இருந்தவரு. எந்த மழைக்கு எங்க தண்ணி நிக்கும்னு எங்க வூட்டுல கொழந்தைக்குக் கூடத் தெரியும். எங்க பங்காளிங்க ஒருத்தன் வூடாவது அந்தப் பக்கம் கீதா பாரு? அல்லாம் மேட்டுத் தெருவுலதான்."

"சொல்லியிருக்கலாமே சார்."

"உங்கப்பா கேக்கல. நாங்க சொல்லல." அவர் போனைப் பார்த்துக்கொண்டே எழுந்தார். "ஆட்டம் சூப்பரா கீதும்மா, நெஜமாத்தான் சொல்றேன். ஆனா வாங்குறவனுக்கு இது ஆவாது. மழைய எடுத்துடு. ஏரி இருக்கட்டும், பாக்க ஜம்முனு கீது. பேர மட்டும் லேக் வியூன்னு மாத்திக்கோ. புரியுதா பிரசன்னா?"

"புரியுதுண்ணா," என்றான் பிரசன்னா. அவர் படியிறங்கிப் போன பிறகு ஷீலாவிடம், "ஒரே ஒரு சுவிட்ச்தானே, திங்கக்கிழமைக்குள்ள மாத்திடு," என்றான்.

அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஷேர் ஆட்டோவில் இருவருக்கு நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முட்டாள்தனம் என்றால் அதன் மேல் கோபப்படலாம், பரிதாபப்படலாம், ஒரு மேப் செய்து புரியவைக்கலாம். இத்தனை அழகாக ஆடத் தெரிந்தவனுக்கு எதைச் செய்து புரியவைப்பது? தெரிந்துகொண்டே வேன் விட்டு, பிரியாணி போட்டு, கெட்டி மண் என்று தட்டிப் பார்க்கவிட்டு விற்றிருக்கிறார்கள். அம்மா வாரிக் கொட்டிய ஒவ்வொரு முறம் சேறும் அவர்களுக்குத் தெரிந்தே வந்தது. அப்பாவிடம் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் இருந்தது. இத்தனை காலமாக அவர் அந்தக் குடும்பத்துக்குக் கும்பிடு போட்டுக்கொண்டிருக்கிறார்.

வீட்டு வாசலில் முன்பின் தெரியாதவர்களின் செருப்புகள் கிடந்தன. உள்ளே வீட்டுத் தரகர் அச்சுதன் நின்றுகொண்டிருந்தார். கூட ஓர் இளம் தம்பதி. திண்டுக்கல் பக்கத்துக்காரர்கள், அவனுக்கு ஓஎம்ஆரில் வேலை. அந்தப் பெண் ஒவ்வொரு அறையாகப் போய்க் காற்று வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ரோஸி எலுமிச்சை ஜூஸ் தட்டோடு, யார் முகத்தையும் பார்க்காமல் நின்றாள். வீட்டை விற்கப்போவதாக ஷீலாவிடம் யாரும் சொல்லவில்லை. ஈஸ்டருக்குப் பெயிண்ட் அடித்தது எதற்கு என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. சுவரில் தண்ணீர் நின்ற கறை இப்போது துளிகூடத் தெரியவில்லை.

"ஐயா, ஒண்ணு கேக்கணும்," என்றாள் அந்தப் பெண் லாசரஸிடம். "மழைல இங்க தண்ணி வருமா? இந்தப் பக்கம்லாம் வரும்னு சொன்னாங்க."

லாசரஸ் சர்ச்சில் பைபிள் வாசிக்கும் அதே நிதானமான குரலில் சொன்னார். "ரோடு வரைக்கும் வரும்மா. வீட்டுக்குள்ள வந்ததே இல்ல."

ஷீலா செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றாள். அந்த ஒரு வாக்கியத்தில் அவள் வீட்டிலும் மழையை எடுத்துவிட்டார்கள். அப்பாவின் மேல் அவளுக்குக் கோபம் வந்திருக்கிறது, எரிச்சல் வந்திருக்கிறது. அருவருப்பு வந்தது அன்றைக்குத்தான். சொந்த அப்பாவைப் பார்த்து முகம் சுளிப்பது எவ்வளவு கேவலமாக இருக்கும் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது.

"வரும்," என்றாள். உள்ளே வந்து, புதுப் பெயிண்ட் அடித்த சுவரில் தன் நெஞ்சு உயரத்துக்குக் கையை வைத்துக் காட்டினாள். "போன தடவை இது வரைக்கும். சாக்கடையும் சேர்ந்து வரும். இது ஏரி."

அந்தப் பெண் கணவனைப் பார்த்தாள். அவன் ஜூஸ் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, போன் பண்றோம் ஐயா என்றான். அச்சுதன் ஷீலாவைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. வாசலில் வண்டி கிளம்பும் சத்தம் போன பிறகும் லாசரஸ் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மோகன்ராஜ் ஆடியது, திரையில் வீட்டைத் தொட்டுக் காட்டியது, தெரிந்தே விற்றது. அப்பா அதிர்ச்சியடைவார் என்று காத்திருந்தாள். அவர் அதிர்ச்சியடையவில்லை.

"அது எனக்கு மொத மழையிலயே தெரிஞ்சுபோச்சு," என்றார். "நமக்கு யார் வந்து சொன்னா ஷீலா? ஒருத்தன் சொன்னானா? நாம மட்டும் எதுக்குச் சொல்லணும்? உங்கம்மாவுக்கு இனிமே சேறு வார முடியாது. அவ இடுப்பப் பாரு."

"அதுக்காக அந்தப் பொண்ணு வாரணுமாப்பா?"

"எவளாவது வாரட்டும்!" என்று கத்தினார் லாசரஸ். அவர் கத்தி ஷீலா கேட்டதில்லை. பிறகு தணிந்த குரலில், "உனக்கு நாங்க யாரு? அவங்க யாரு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். ரோஸி டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். குழாயைத் திறந்து வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஷீலா வாசலுக்கு வந்து பிரசன்னாவுக்குப் போன் செய்தாள்.

"மழை இல்லாம அந்த மேப் போகாது," என்றாள். "நான் செஞ்சது அது. வேணும்னா மேப்பையே எடுத்துடு."

"ஷீலா, இவ்வளவு வேலை செஞ்சிருக்க. பேரு வரும் உனக்கு."

"அந்தப் பேரு எனக்கு வேணாம். ஏரிக்குள்ள கட்டினா ஒண்ணும் ஆகாதுன்னு நான் ஒருத்தருக்கும் காட்ட மாட்டேன்."

பிரசன்னா சண்டைக்காரன் இல்லை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான், பிறகு மேப்பை எடுத்துவிட்டான். முடிநாடு விரைவில் வருகிறது என்று இப்போது இணையத்தில் விளம்பரம் ஓடுகிறது. வரைபட வகைகள் மூன்று என்று போட்டிருக்கிறார்கள். ஒன்று குறைகிறதே என்று யாரும் கேட்கவில்லை. மோகன்ராஜும் கேட்கவில்லை, அவருக்கு வேறு மனைகள் இருக்கின்றன.

வீட்டுப் பக்கம் அச்சுதன் வேறு யாரையும் கூட்டி வரவில்லை. சிட்டிபாபு நகரில் உண்மை சொல்கிற வீடு என்று பெயராகிவிட்டது, அதை விற்பது கஷ்டம். லாசரஸ் மகளோடு பேசுவதில்லை. சாப்பாட்டு மேசையில் அவள் வந்து உட்கார்ந்தால் எழுந்து போய்விடுகிறார். ரோஸி மட்டும், புரட்டாசி பாதி போனதும், கீழ் அலமாரியிலிருந்த துணிகளை எடுத்துப் பரண் மேல் வைக்க ஆரம்பித்தாள். ஷீலா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். இந்த வருடம் தண்ணீர் வந்தால் அதை வாரப்போவது அவர்கள் மூன்று பேரும்தான்.